பாட்டி கேட்ட ஒரு கேள்வி!
செல்போனில் தமிழ் எழுதக் கற்றதால் பணம் தப்பியது

எருமப்பட்டி.

நாமக்கல்லில் இருந்து துறையூர் செல்லும் சாலையில் இருக்கிறது இந்த ஊர். ஊருக்கு வெளியே வந்து நின்றால் கொல்லிமலை தெரியும். சின்ன வெங்காயம் விளையும் பூமி. கோழிப்பண்ணைகளும் உண்டு. லாரி ஓட்டிப் பிழைக்கிறவர்களும் உண்டு.

இங்கே ஒரு பாட்டி. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடம் போனதில்லை. 1990-களில் அறிவொளி இயக்கம் நடத்திய இரவு வகுப்பில் சேர்ந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டார்.

பாட்டியின் மகன் லாரி டிரைவர். குஜராத்துக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போனால் திரும்பி வரப் பல நாள் ஆகும். வண்டி ஓட்டும்போது போனில் பேசக்கூடாது. அதனால் பாட்டிக்கு ஒரு ஆசை. "நாலு வரி எழுதிப் போட்டால், வண்டியை நிறுத்திய இடத்தில் படித்துக்கொள்வானே!"

ஆனால், போனைத் திறந்தால் எல்லாம் இங்கிலீஷ்!

"ஏஞ்சாமி, இதுல தமிழ் வராதா?" என்று, மகள் வயிற்றுப் பேரனைக் கேட்டார்.

"வரும் அம்மாயி. கொடுங்க, செஞ்சு தாரேன்" என்றான் பேரன். ஒரு ஞாயிற்றுக்கிழமை. திண்ணையில் உட்கார்ந்து அவன் செய்த வேலைகளை நம் வீடுகளிலும் செய்துகொள்ளலாம்.

எழுத்துப் பலகை

முதல் வேலை, தமிழ் எழுத்துப் பலகை. அதாவது கீபோர்டு.

செல்போனில் செட்டிங்சைத் திறந்து, மொழி, கீபோர்டு என்ற பகுதிக்குப் போனான் பேரன். அங்கே தமிழைச் சேர்த்தான். இதற்குத் தம்பிடி செலவு இல்லை.

தமிழ் எழுதப் பல வழிகள் இருக்கின்றன. இங்கிலீஷ் எழுத்துகளை ஒலிப்படி தட்டினால் தமிழாக மாறுவது ஒரு வழி. இங்கிலீஷ் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். பாட்டிக்கு உதவாது.

தமிழ் எழுத்துகளையே தட்டுவது இன்னொரு வழி. இதில் "தமிழ் 99" என்ற முறை பெயர் பெற்றது. 1999-ம் ஆண்டில் சென்னையில் தமிழ் இணைய மாநாடு நடந்தது. அதையொட்டி இந்த முறையைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. இதில் உயிர் எழுத்துகள் இடது கைப் பக்கம். மெய் எழுத்துகள் வலது கைப் பக்கம். "அம்மா" என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் போதும். புள்ளி தானாக விழுந்துவிடும்!

சுலபமாக வந்ததா?

இந்த வசதி ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1990-களில் ஒரு கம்ப்யூட்டரில் எழுதிய தமிழ், இன்னொரு கம்ப்யூட்டரில் கோணல் மாணலாகத் தெரியும். ஆளுக்கு ஒரு எழுத்துரு வைத்திருந்ததே காரணம்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தது யூனிகோடு. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு ஆளுக்கொரு எண் கொடுக்கும் ஏற்பாடு இது. 1991-ல் வெளியான அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றது. 2010-ல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. அதனால்தான் எருமப்பட்டியில் எழுதியதைக் குஜராத்தில் படிக்க முடிகிறது.

கடல் கடந்து வாழும் தமிழர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் "முரசு அஞ்சல்" என்ற மென்பொருளை உருவாக்கினார். செல்போனில் தமிழ் எழுத "செல்லினம்" கொடுத்தவரும் அவர்தான்.

பேசினால் எழுதும்!

"விரல் பழகும் வரை இப்படிச் செய்யுங்க அம்மாயி" என்று, மைக் படம் போட்ட பொத்தானைக் காட்டினான் பேரன்.

பாட்டி அதை அமுக்கிவிட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டார். கேட்டது அப்படியே எழுத்தாக வந்தது! பாட்டி அசந்துபோனார். கூகுள் நிறுவனம் 2017-ல் தமிழுக்கு இந்த வசதியைக் கொடுத்தது. சில சமயம் சொல்லைத் தவறாகப் போட்டுவிடும். ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்ப வேண்டும்.

பிறகு வாட்ஸ்அப்பையும் தமிழுக்கு மாற்றினான். அதன் செட்டிங்சிலேயே மொழியை மாற்றும் இடம் இருக்கிறது. வருகிற படமெல்லாம் தானாக இறங்குவதை நிறுத்தினான். இதனால் டேட்டாவும் மிச்சம், போனில் இடமும் மிச்சம்.

கதவுக்குத் தாழ்ப்பாள்

வீடு கட்டினால் போதுமா? தாழ்ப்பாள் வேண்டாமா?

வாட்ஸ்அப்பில் "இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு" என்று ஒன்று உண்டு. அதில் ஆறு இலக்க ரகசிய எண் வைக்கலாம். இது இருந்தால், நம் கணக்கை வேறு போனில் திறக்க முயல்கிறவன் சுலபத்தில் திறக்க முடியாது. கண்டவர்கள் நம்மைக் குழுக்களில் சேர்க்காமல் தடுக்கவும் வழி இருக்கிறது. இரண்டையும் செய்தான் பேரன்.

"கல்யாணப் பத்திரிகை, பேங்க் நோட்டீசு என்று ஏதாவது வரும். பெயரின் முடிவில் ஏ.பி.கே. என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்து இருந்தால் தொடாதீங்க. அது பத்திரிகை இல்லை, திருடன்! செயலி வேண்டுமானால் பிளே ஸ்டோரில் மட்டும் எடுக்கணும். ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீங்க" என்றான்.

வதந்தி செய்த வேலை

வருவதையெல்லாம் நம்பினால் என்ன ஆகும்? நாமக்கல் வட்டாரத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

2020-ம் ஆண்டுத் தொடக்கத்தில், கோழி தின்றால் கொரோனா வரும் என்று ஒரு வதந்தி செல்போன் வழியே பரவியது. அதில் உண்மை கிடையாது. ஆனாலும் ஜனங்கள் பயந்தார்கள். முட்டை விலை சரிந்தது. பண்ணைக்காரர்கள் கலங்கிப்போனார்கள்.

ஒரு செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று அர்த்தம். எழுதியது யார் என்று தெரியாமல் அதை அடுத்தவருக்குத் தள்ளிவிடக்கூடாது.

எருமையின் பெயர் என்ன?

சில வாரங்கள் சென்றன. பாட்டி தினமும் மகனுக்கு எழுதினார். மகனும் பதில் போட்டார்.

ஒரு நாள் மத்தியானம் புது நம்பரில் இருந்து ஒரு செய்தி வந்தது.

"அம்மா, என் போன் உடைந்துவிட்டது. இது நண்பன் போன். வண்டி ரிப்பேர். உடனே 20 ஆயிரம் ரூபாய் அனுப்பு."

பாட்டிக்குக் கை நடுங்கியது. மகன் நடுவழியில் நிற்கிறானே! பேரனைக் கூப்பிட்டுப் பணம் போடச் சொல்ல எழுந்தார். வாசல் வரை போனவர் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார். எழுத்து எழுத்தாகத் தட்டினார்.

"நம்ம எருமைக்கு என்ன பேரு?"

செய்தியைப் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை. பாட்டி மகனின் பழைய நம்பருக்குப் போன் போட்டார். மணி அடித்தது.

"என்னம்மா, இந்த நேரத்தில்?" என்றார் மகன். போனும் உடையவில்லை. வண்டியும் ரிப்பேர் ஆகவில்லை!

இப்படி ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால், திருடன் கைக்குப் போகுமுன் பணத்தை பேங்கிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

வீட்டுக்கு ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள். பதில், வீட்டில் இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்.

பாட்டி வீட்டு எருமையின் பெயர் என்ன என்று கேட்கிறீர்களா? அதை மட்டும் அவர் நம்மிடம் சொல்ல மறுத்துவிட்டார்!