எதிராளி இருந்தால் விலை இறங்கும்

கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் விளையாட்டுப் பிரியர்கள் விலையைப் பார்க்கிறார்கள். சந்தையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்ப்பதில்லை. விலையை முடிவு செய்வதில் அந்தப் பங்குக்கும் கை உண்டு.

2008 ஜூனில் என்விடியா தனது ஜிடிஎக்ஸ் 280 கார்டை 649 அமெரிக்க டாலருக்கு வெளியிட்டது. அதே மாதம் ஏஎம்டி, வேகத்தில் சற்றே பின்தங்கிய ரேடியான் எச்டி 4870-ஐ 299 டாலருக்குக் கொண்டு வந்தது. சில வாரங்களிலேயே 280-இன் விலை 499 டாலராக இறங்கியது. முதல் நாளே வாங்கியவர்களுக்குத்தான் வயிற்றெரிச்சல்!

இன்று தனிக் கார்டுகளின் சந்தையில் பெரும்பங்கு என்விடியாவிடம். 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-இன் அறிவிப்பு விலை 1,999 டாலர். அந்த உயரத்தில் ஏஎம்டி போட்டிக்கே வரவில்லை. நடுத்தட்டில் மட்டும் 749 டாலர் 5070 டிஐ-க்கு எதிராக, 599 டாலர் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டியை நிறுத்தியது.