ஒட்டிப் பிறந்த விரல்கள்

ஒட்டிப் பிறந்த விரல்களை நடுவே நேராகக் கீறிவிட்டால் போதுமென்று பெற்றோர் நினைப்பது இயல்பே. அஃது ஆபத்தான எண்ணம். ஒன்றாயிருந்தபோது மூடிய தோல், பிரிந்தபின் இரு விரலையும் சுற்றி மூடப் போதாது. நேரான தழும்போ, குழந்தையின் விரல் வளரத் தான் வளராமல் அதனை வளைத்துவிடும். ஆதலாற்றான் அமெரிக்க ரண வைத்தியர் தாமஸ் கிரோனின் 1956-ல் வளைந்து வளைந்து செல்லும் கீறலை விவரித்தெழுதினார். அதனால் எழும் முக்கோணத் தோல்மடல்கள் ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று பொருந்தும். விரலடி இடுக்கில் தழும்பு விழலாகாது. புறங்கைத் தோலையே, ஒரு பக்கம் அறாமல் இரத்த ஓட்டத்தோடு மடக்கி, அங்கே அமைக்க வேண்டும். எஞ்சிய குறைக்குத் தொடையிடுக்குத் தோல் உதவும். மூன்று விரல்கள் ஒட்டியிருப்பின், வீட்டார் எவ்வளவு அவசரப்படுத்தினும், நடுவிலுள்ளதன் இருபுறத்தையும் ஒரே வேளையில் அறுக்கலாகாது. இரத்தமின்றி அவ்விரலே அழியக்கூடும். ஆயின் மோதிரவிரலும் சுண்டுவிரலும் ஒட்டியிருந்தால் தாமதமே தீங்கு. குட்டை விரல் நெட்டை விரலை இழுத்துக் கோணலாக்கும். முதலாண்டிலேயே பிரித்துவிடுவது நலம்.