எடை குறைக்கிறவர் தட்டில் வெள்ளாட்டுக்கறி

செவ்வாய்க்கிழமை விடியும் முன்பே திருநெல்வேலி மேலப்பாளையம் சந்தைக்கு ஆடுகள் வந்து இறங்கிவிடும். நாங்குநேரி, ராதாபுரம், சங்கரன்கோவில் பக்கத்து மானாவாரிக் காடுகளில் மேய்ந்தவை அவை. முகத்தில் இரண்டு கோடு ஓடும் கறுத்த கன்னி ஆடு, நெடுநெடுவென்று நிற்கும் கொடி ஆடு, அவற்றுக்கு நடுவே செம்மறிக் கிடாய்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பாளையங்கோட்டையிலும் டவுனிலும் கறிக்கடைக் கொக்கியில் தொங்கும்போது வெள்ளாடு, செம்மறி இரண்டுக்கும் ‘மட்டன்’ என்று ஒரே பலகைதான். எடையைக் குறைக்கச் சொல்லி மருத்துவமனையிலிருந்து அனுப்பப்பட்டவர் அந்தக் கடையைத் தாண்டி பிராய்லர் கடைக்கு நடக்கிறார். “ரெட் மீட்டே ஆகாதுன்னுட்டாங்க அண்ணாச்சி, இனிமே கோழிதான்” என்கிறார்.

அவர் எடுத்த முடிவு இந்த மண்ணின் கறிக்குப் பொருந்துமா என்று பார்க்க வெளிநாட்டு அட்டவணை எதுவும் வேண்டாம். குன்னூரில் 1918-ல் ஓர் அறையில் தொடங்கி, பின்னர் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். சேலத்தில் பிறந்த சி. கோபாலன் தலைமையில் அந்த நிறுவனம் 1971-ல் வெளியிட்ட உணவு அட்டவணை பல பதிப்புகள் கண்டது. அதில் 100 கிராம் பச்சைக் கறிக்குக் கொடுத்திருக்கும் கணக்கு இது. செம்மறிச் சதையில் 194 கலோரி, கொழுப்பு 13.3 கிராம். வெள்ளாட்டுக் கறியில் 118 கலோரி, கொழுப்பு 3.6 கிராம், புரதம் 21.4 கிராம். கோழிக்கு 109 கலோரி. மாட்டுச் சதைக்கு 114. எருமைக் கறிக்கு வெறும் 86.

எருமையும் மாடும் வெள்ளாடும் சிவப்புக் கறிகள்தான். ஆனாலும் கலோரியில் அவை கோழிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. தனியாகத் தள்ளி நிற்பது செம்மறி ஒன்றுதான்.

கறியின் சிவப்புக்குக் காரணம் மயோகுளோபின் என்ற புரதம். தசைக்கு வேண்டிய ஆக்சிஜனைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேலை. நாளெல்லாம் நிற்கிற, நடக்கிற தசையில் அது நிறைய இருக்கும். கோழியின் காலில் கொஞ்சம் உண்டு, பறக்காத கோழியின் நெஞ்சில் மிகக் குறைவு. அதனால்தான் கால் கறுத்தும் நெஞ்சு வெளுத்தும் தெரிகிறது. கொழுப்பு இதில் சேராத தனி விஷயம். விலங்கு எந்த இனம், என்ன தின்றது, எவ்வளவு நடந்தது, எத்தனை வயதில் அறுத்தார்கள், உடம்பின் எந்தப் பகுதி என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. நிறத்தை வைத்துக் கொழுப்பை ஊகிக்கிற பழக்கம், தானியம் போட்டுக் கொழுக்க வைத்த மாட்டையும் பன்றியையும் தின்கிற நாடுகளிலிருந்து நமக்கு வந்து சேர்ந்தது. அங்கே சிவப்புக் கறி பெரும்பாலும் கொழுத்த கறியாகவே இருந்ததால் அந்த ஊகம் அவர்களுக்கு ஓரளவு பலித்தது.

வெள்ளாட்டின் உடம்பு வறண்ட நிலத்துக்கு ஏற்ற உடம்பு. உடைமர நெற்றையும் வேலிச் செடிக் கொழுந்தையும் பின்னங்காலில் எம்பி நின்று கடித்துத் தின்கிற பிராணி அது. சேமிக்கிற கொழுப்பைத் தோலுக்கடியிலோ சதைக்கு ஊடேயோ அதிகம் வைப்பதில்லை. குடலைச் சுற்றியும் சிறுநீரகத்தைச் சுற்றியும்தான் வைக்கிறது. செம்மறி முதுகிலும் தோலடியிலும் சதைக்கு இடையிலும் வைக்கும். நமக்கு இது நல்ல சேதி. வெள்ளாட்டில் கொழுப்பு தனியாக, வெள்ளையாக, கத்திக்குச் சிக்குகிற மாதிரி இருக்கிறது. கடைக்காரர் எடை போடும்போது ருசிக்கென்று ஒரு துண்டு கொழுப்பைச் சேர்த்து வைப்பார். “பாய், தொடைக்கறி போதும், கொழுப்பு வைக்காதிய” என்று சொல்லிவிட்டால் செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுசாக நம் பைக்குள் வந்துவிடும். தொடையும் முன்சப்பையும் கொழுப்புக் குறைந்த பகுதிகள். நெஞ்சுக்கறியிலும் விலாவிலும் அதிகம். கொட்டிலில் கட்டித் தீவனம் போட்டு வளர்த்த ஆட்டில் எல்லா இடத்திலுமே கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

கோழிக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பிராய்லர் கோழியைத் தோலோடு எடுத்தால் 100 கிராம் பச்சைக் கறியில் 15 கிராம் கொழுப்பு, 215 கலோரி. தோலை உரித்தால் கொழுப்பு 3 கிராமாகவும் கலோரி 119 ஆகவும் இறங்கிவிடும். கடைப் பலகையில் ‘தோலுடன்’, ‘உரித்தது’ என்று இரண்டு விலை எழுதியிருப்பார்களே, அந்த இரண்டு வரிக்கும் நடுவே கிட்டத்தட்ட இரு மடங்கு கலோரி இருக்கிறது. நாட்டுக்கோழியில் பொதுவாகக் கொழுப்புக் குறைவு. ஆனால் அதை மஞ்சள் பூசித் தீயில் வாட்டித் தோலோடு சமைப்பதுதான் நம் வழக்கம். செம்மறியை விட்டுவிட்டுத் தோலோடு கோழிக்கு மாறியவருக்கு எடை விஷயத்தில் ஒன்றும் கிடைக்காது.

சோதனைகளும் இதையே சொல்கின்றன. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பருமனான பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். கலோரி குறைத்த உணவும் நடைப்பயிற்சியும் இரு குழுவுக்கும் ஒன்றே. ஒரு குழுவுக்குக் கொழுப்பில்லாத மாட்டுக்கறி, மற்றதற்குக் கோழி. 12 வாரம் கழித்து எடை போட்டபோது இரண்டு தரப்பிலும் ஆறு கிலோவை ஒட்டியே குறைந்திருந்தது. கெட்ட கொலஸ்ட்ராலும் இரு குழுவிலும் இறங்கியிருந்தது. எடை குறைக்க உதவுவது கறியில் உள்ள புரதம். அது எந்த நிறத்துக் கறியிலிருந்து வந்தாலும் சரிதான். புரதம் வயிற்றில் அதிக நேரம் நின்று பசியை அடக்கும். அதைச் செரிக்கவே அதன் கலோரியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செலவாகும். மாவுச்சத்துக்கு அதில் பாதி கூட ஆகாது. பட்டினி கிடந்து இளைத்தால் கரையும் தசையை ஓரளவு காப்பாற்றுவதும் புரதமே.

இனி அடுப்படிக்கு வருவோம். என் கணிப்பில் எடை ஏறுகிற இடம் கறிக்கடையைவிட இதுதான். அரைக் கிலோ வெள்ளாட்டுக் கறியை எலும்பே இல்லாத சதை என்று கணக்கிட்டாலும் மொத்தம் 590 கலோரி. நம்மூர் ஆட்டுக்கறிக் குழம்புக்கு ஒரு மூடித் தேங்காய் அரைத்து விடுவோம். துருவல் 150 கிராம் என்றாலே 500 கலோரியைத் தாண்டும். தாளிக்க நாலு மேசைக்கரண்டி எண்ணெய் என்றால் 480. ஆக, கறியில் இருப்பதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் கலோரி அந்தச் சட்டியில் குழம்பாகக் கொதிக்கிறது. கறியை அளந்து இரண்டே துண்டு வைத்துக்கொண்டு, குழம்பை மட்டும் மூன்று முறை ஊற்றிக்கொள்கிற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் விலக்கியது புரதத்தை. தேங்காயை அரை மூடியாக்கி, அந்த இடத்தில் மல்லியையும் மிளகையும் சின்ன வெங்காயத்தையும் கூட்டி அரைத்தால் குழம்பு கெட்டியாகவே வரும், காரமும் மணமும் குறையாது. கறியை முதலில் வேக வைத்து ஆற விட்டால் மேலே உறைகிற கொழுப்பை வழித்தெடுத்துவிட்டுத் தாளிக்கலாம். முதல் நாளே வேக வைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் சுலபம்.

குழம்பு எதன் மேல் விழுகிறது என்பது அதைவிடப் பெரிது. தாமிரபரணி கரையில் கார், பிசானம் என்று இரண்டு பூவும் நெல் விளைந்த ஊர்க்காரர்கள் நாம். 150 கிராம் அரிசி வடித்த சோறு 500 கலோரிக்கு மேல். இரவில் சால்னாவோடு பரோட்டா என்றால் மைதாவும் அதில் ஊறிய எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். இந்தியர் உணவில் 62 சதவீதம் கலோரி மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நாடு முழுக்க ஆராய்ந்த ஐ.சி.எம்.ஆர்–இந்தியாப் (INDIAB) ஆய்வு 2025-ல் சொன்னது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஆய்வு அது. கொழுப்போடு மட்டனும் முட்டையும் தின்று, சோற்றை அறவே நிறுத்தி இளைத்த பேலியோ அன்பர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்கள் இளைத்தது உண்மை. அந்தக் கொழுப்பால் இளைத்தார்கள் என்பதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 609 பேரை ஓராண்டு பின்தொடர்ந்து 2018-ல் வெளியிட்ட சோதனையில் கொழுப்பைக் குறைத்தவர்களும் மாவைக் குறைத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு எடை இழந்தார்கள். எந்தப் பக்கம் குறைத்தாலும் மொத்தம் குறைய வேண்டும். நம் தட்டில் குறைக்க இடமிருப்பது சோற்றுப் பக்கத்தில்.

அப்படியானால் சிவப்புக் கறியை இஷ்டம்போல் தின்னலாமா? கூடாது. அதற்கான காரணம் எடையில் இல்லை, குடலிலும் இதயத்திலும் இருக்கிறது. மயோகுளோபினுக்குள் இரும்பைத் தாங்கிய ‘ஹீம்’ என்ற மூலக்கூறு உண்டு. பெருங்குடலில் புற்றுநோயைத் தூண்டக்கூடிய சில நைட்ரஜன் சேர்மங்கள் உருவாக அது வழி செய்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாகவும், சிவப்புக் கறியை அநேகமாக உண்டாக்கக்கூடியது என்றும் வகைப்படுத்தியது. சாசேஜ், சலாமி மாதிரியானவை தினம் 50 கிராம் உள்ளே போனால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. எடை குறைக்க ‘புரதம் நிறைந்தது’ என்று சிக்கன் சாசேஜ் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோழி என்பதால் பதப்படுத்திய கறி நல்ல கறியாகிவிடாது. பதப்படுத்தாத சிவப்புக் கறிக்கு உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் வைத்திருக்கும் வரம்பு, வேக வைத்த எடையில் வாரத்துக்கு 350 முதல் 500 கிராம். மேலே சொன்ன இந்தியாப் ஆய்விலும் மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் பருப்பு, பால் புரதத்துக்கு மாற்றினால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரிந்தது. சிவப்புக் கறிக்கு மாற்றினால் அந்தப் பலன் தெரியவில்லை.

அந்த வரம்பு நமக்குப் புதிதல்ல. சுடலைமாடன் கோயில் கொடைக்குக் கிடா வெட்டினால்தான் கறி, அப்புறம் தீபாவளி என்று இருந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் உட்கார்ந்திருக்கிறது. வாரம் ஒருநாள் ஞாயிற்றுக்கிழமைக் கறி என்றால் வரம்புக்குள்தான் இருக்கிறோம். புதன்கிழமை பிரியாணி, வெள்ளிக்கிழமை சுக்கா என்று சேரும்போதுதான் தாண்டுகிறோம். அந்த மற்ற நாட்களை உரித்த கோழிக்கும், தூத்துக்குடியிலிருந்து காலையில் வருகிற சாளைக்கும், ஆற்றுக் கெண்டைக்கும், பயறுக்கும் கொடுக்கலாம்.

இதில் ஒரு சாரார் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். அதே ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டும் சேர்ந்தே இருக்கிற பெண்கள் எந்தத் தெருவிலும் உண்டு. அவர்களிடம் “சிவப்புக் கறியை நிறுத்து” என்று மொட்டையாகச் சொல்வது எனக்குப் பெரும் தவறாகப் படுகிறது. குடலில் சந்தேகத்துக்கு ஆளான அதே ஹீம்தான் ரத்தத்துக்கு மிகச் சுலபமாகச் சேரும் இரும்பு. வெள்ளாட்டுக் கறியில் 100 கிராமுக்கு இரும்பு 3 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. கோழி நெஞ்சில் அரை மில்லிகிராம் கூட இல்லை. கீரையிலும் பருப்பிலும் இரும்பு இருந்தாலும் உடம்பு அதில் சிறு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே கொஞ்சம் கறி இருந்தால் அந்தப் பங்கும் கூடும்.

ஆனால் பல வீடுகளில் கறித்துண்டுகள் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போனபிறகு வீட்டுப் பெண்ணுக்கு மிஞ்சுவது எலும்பும் குழம்பும் சோறும். கலோரி அவள் தட்டிலும் இரும்பு அடுத்தவர் தட்டிலும் போய்ச் சேர்கின்றன. எடை குறைக்கிற ரத்தசோகைப் பெண்ணுக்கு வாரம் ஒரு நாள் ஈரல், இன்னொரு நாள் 100 கிராம் தொடைக்கறி, சோறு ஒரு கரண்டி குறைவாக, எலுமிச்சை பிழிந்த வெங்காயம் கூட, சாப்பிட்டு ஒரு மணி நேரம் வரை டீ வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம். கர்ப்பமாக இருந்தால் ஈரலில் உள்ள அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ குழந்தைக்கு ஆகாது. அப்போது ஈரலை விட்டுவிட்டுத் தொடைக்கறியோடு நிற்க வேண்டும். மூளையில் 100 கிராமுக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் இருப்பதால், ஈரலோடு சேர்த்து அதையும் வாங்கிவர வேண்டியதில்லை. சிறுநீரகம் பழுதானவர்கள் கோழியோ ஆடோ, புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.