தளர்ந்த அணியும் தளரா அன்பும்

முதிர்ந்த மாந்தோப்பை அழித்துப் புதுக்கன்று நட்ட உழவனது நிலையை எண்ணிப் பாருங்கள். பெரியகுளத்தைச் சார்ந்த மலையடிவாரத்தில் மாந்தோப்புகள் மிகுதி. அம்மலைப் பக்கத்திலிருந்து இழிந்து வரும் வராக நதி வடுகபட்டி, மேல்மங்கலம், ஜெயமங்கலம் முதலிய ஊர்களின் வயல்களை நனைத்து வையையோடு சேர்கிறது. ஜெயமங்கலத்தில் நெல் விதைத்தவன் சில திங்களில் தன் உழைப்பின் பயனைக் கண்ணாரக் காண்கிறான். மாங்கன்று நட்டவனுக்கு அப்பேறு இல்லை. ஒட்டுக்கன்று காய்க்கத் தொடங்குவதற்கே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை நீர் பாய்ச்சவும் வேலி காக்கவும் பொருள் வேண்டும் அன்றோ? ஆகவே அறிவுடைய உழவன் கன்றுகளின் இடைவெளியில் நிலக்கடலையோ உளுந்தோ காய்கறியோ பயிரிட்டு, அவ்வருவாயைக் கொண்டு கன்றுகளைக் காப்பான். இதனை ஊடுபயிர் என்று வழங்குவர்.

விளையாட்டு அணிகளுக்கும் இத்தகைய காலம் ஒன்று உண்டு. வெற்றி தந்த மூத்த ஆட்டக்காரர் தளர்ந்துவிடுவர். இளையோர் இன்னும் முதிர்ந்திரார். தோல்வி மேல் தோல்வி வரும். அணியைப் புதுக்கும் காலம் என்று அதனைச் சொல்லலாம். அக்காலத்தில் அணிக்கு வேண்டும் பொருள் எங்கிருந்து வருகிறது? தோற்கும் அணி என்று அறிந்தும் அதனை விட்டு நீங்காத ஆர்வலர்க்கு அவ்வணி என்ன கடன்பட்டிருக்கிறது? இவ்விரு வினாக்களையும் கூடைப்பந்து ஆட்டத்தைக் கொண்டு ஆராய்வோம்.

கூடைப்பந்து நம் நாட்டுப் பழைய ஆட்டம் அன்று. 1891 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் இதனை அமைத்தார். ஆயினும் தேனி மாவட்டத்தார்க்கு இது புதியதும் அன்று. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிலி விளையாட்டுக் கழகத்தார் கோடைதோறும் அனைத்திந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்தி வருகின்றனர். பி. டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்காக நடைபெறும் இப்போட்டி அறுபது முறைக்கு மேல் நடந்தேறியுள்ளது. மாநகரங்கள் பலவற்றுக்கும் வாய்க்காத இச்சிறப்பு ஒரு சிற்றூரை ஒத்த நகருக்கு வாய்த்திருப்பது வியப்பே. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கேரள மாநில மின்வாரியம், இந்தியக் கடற்படை, தரைப்படை முதலிய அணிகள் இங்கு வந்து ஆடியுள்ளன.

இப்பெயர்களை ஊன்றி நோக்குங்கள். இவற்றுள் எதுவும் ஊரின் பெயர் தாங்கிய அணி அன்று. எல்லாம் பணியிடங்களின் பெயர்கள். நம் நாட்டில் சிறந்த கூடைப்பந்து வீரர், விளையாட்டுத் தகுதியால் வங்கியிலோ இரயில்வேயிலோ படையிலோ வேலை பெறுகிறார். அவருக்குத் திங்கள்தோறும் ஊதியம் தருவது அந்நிறுவனம். அணி தோற்றாலும் அவ்வூதியம் நிற்பதில்லை. ஆட்டத்தை நூறு பேர் கண்டாலும் பத்தாயிரம் பேர் கண்டாலும் அது மாறுவதும் இல்லை. இது வீரர்க்குப் பெரிய பாதுகாப்பு. ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. அந்நிறுவனம் புதிய வீரரை வேலைக்கு எடுப்பதை நிறுத்திவிட்டால் அணி சிறிது சிறிதாக மூப்படையும். பார்ப்போர் எத்துணை அன்பு காட்டினும் ஓர் இளைஞனையேனும் அவ்வணியிற் சேர்க்க அவர்களால் இயலாது. அன்பு ஓரிடத்தில் இருக்க, பணப்பெட்டியின் திறவுகோல் வேறிடத்தில் இருக்கிறது.

ஊர்ப்பெயர் தாங்கி, ஆர்வலர் தரும் பொருளையும் எதிர்நோக்கி வாழும் அணிகளின் முறை வேறு. தமிழகத்தில் அதற்குச் சான்று காணக் கூடைப்பந்தை விட்டுச் சற்றே கிரிக்கெட்டுக்குச் செல்லவேண்டும். சென்னை சூப்பர் கிங்ஸ் என்னும் அணி 2008 ஆம் ஆண்டில் தோன்றியது. அணியின் நிருவாகத்தோடு தொடர்புடைய ஒருவர் பந்தயச் சூதில் ஈடுபட்ட குற்றத்தின் பொருட்டு, 2015 ஆம் ஆண்டில் அவ்வணி ஈராண்டுக்கு விலக்கி வைக்கப்பட்டது. 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் அணியே களத்தில் இல்லை. தோற்கும் அணியிடம் அன்பு வைப்பது ஒருபுறம் இருக்க, இல்லாத அணியிடம் அன்பு வைப்பது எப்படி? ஆயினும் 2018 இல் அது மீண்டபோது ஆர்வலர் திரண்டு வந்தனர். காவிரி நீர்ப் போராட்டத்தின் காரணமாகச் சென்னையில் ஓர் ஆட்டமே நடந்தது. எஞ்சியவை புனே நகருக்கு மாற்றப்பட்டன. ஏறத்தாழ ஆயிரம் ஆர்வலரை ஏற்றிக்கொண்டு 2018 ஏப்ரல் 19 ஆம் நாள் ஒரு தனி இரயில் வண்டி சென்னையிலிருந்து புனேக்குப் புறப்பட்டது. அதனை ஏற்பாடு செய்தது அணி நிருவாகமே. தம்மை மறவாதவரைத் தாமும் மறவாமை பாராட்டுக்குரியது. அவ்வன்பு நல்ல விளம்பரமும் ஆகும் என்பதை நிருவாகத்தார் அறியாதவர் அல்லர். அவ்வாண்டு அவ்வணி கோப்பையையும் வென்றது. பின்னர் 2025 இல் பத்து அணிகளுள் கடைசி இடத்துக்கும் இறங்கியது.

கடைசி இடத்துக்கு இறங்கிய அணியின் கருவூலம் வற்றிவிட்டதா? இல்லை. இக்காலத்துப் போட்டிகளின் முதன்மையான வருவாய் நுழைவுச் சீட்டினால் வருவது அன்று. தொலைக்காட்சி முதலியவற்றின் ஒளிபரப்பு உரிமையால் வருவது. 2023 முதல் 2027 வரையிலான ஐந்தாண்டுக்கு அப்போட்டியின் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விலைபோயிற்று. அதில் பெரும்பங்கு வென்ற அணி, தோற்ற அணி என்னும் வேறுபாடு மிகுதியாக இன்றி அணிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. நாம் முதலிற் கண்ட ஊடுபயிர் இதுவே. மாமரம் காய்க்காத ஆண்டிலும் உளுந்து விளைகிறது.

ஊடுபயிர் மிக நன்றாக விளைந்தால் என்ன நேரும்? உழவன் மாங்கன்றை மறந்துவிடவும் கூடுமன்றோ? இதற்கு விடையாக அமைந்தது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் கூடைப்பந்து அணியின் வரலாறு.

அவ்வணியின் பெயர் செவன்ட்டி சிக்சர்ஸ் என்பது. அமெரிக்கர் விடுதலை அறிவித்த 1776 ஆம் ஆண்டை நினைவூட்டும் பெயர் அது. 1967, 1983 ஆகிய ஆண்டுகளில் அவ்வணி நாட்டின் முதன்மை அணியாக விளங்கியது. பின்னர் வெற்றியும் இல்லாமல் படுதோல்வியும் இல்லாமல் இடைநிலையில் நின்றுவிட்டது. அந்நாட்டுக் கூட்டமைப்பில் ஒரு விந்தையான விதி உண்டு. ஆண்டுதோறும் புதிய இளைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது, மிகுதியாகத் தோற்ற அணிக்கே முன்னிடம் பெறும் வாய்ப்பு மிகுதி. நாற்றங்காலில் உள்ள சிறந்த கன்றை, விளைச்சல் குன்றிய உழவனுக்கு முதலில் ஈவது போன்ற நல்லெண்ண விதி இது. மெலிந்தவன் மேலும் மெலியாதிருக்கச் செய்த ஏற்பாடு. ஆனால் நல்ல விதிக்கும் குறுக்குவழி காண்பவர் உளர்.

2013 ஆம் ஆண்டில் அவ்வணியின் பொது மேலாளராகச் சாம் ஹிங்கி என்பவர் அமர்ந்தார். இடைநிலையில் நின்று உழல்வதைவிட அடிநிலைக்கு இறங்கிச் சிறந்த இளைஞரைப் பெறுவதே மேல் என்பது அவர் கருத்து. கையிலிருந்த நல்ல ஆட்டக்காரரைப் பிற அணிகளுக்குக் கொடுத்து, வருங்காலத் தேர்வுரிமைகளை வாங்கினார். சிறந்த புதுமுக ஆட்டக்காரர் என்று 2014 இல் பரிசு பெற்ற மைக்கேல் கார்ட்டர் வில்லியம்சையும் அடுத்த ஆண்டே கொடுத்துவிட்டார். ஓர் ஆட்டப் பருவத்தில் 82 ஆட்டங்கள். முதற்பருவத்தில் வெற்றி 19, அடுத்ததில் 18, மூன்றாவதில் 10. மூன்று பருவத்திலும் சேர்த்து வெற்றி 47, தோல்வி 199. இரண்டு பருவங்களின் எல்லையில் தொடர்ந்து 28 ஆட்டங்களில் தோற்றனர்.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். களத்தில் நின்ற இளைஞர் தோற்பதற்காக ஆடவில்லை. அவர்கள் வியர்வை சிந்தியே ஆடினர். அடுத்த ஆண்டில் வேலை நிலைக்குமா என்பது அவர்களுக்கே ஐயமாக இருந்தது. தோல்விக்குத் திட்டமிட்டது களத்துக்கு வெளியே இருந்த அறை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். அவ்வணியின் அரங்கு இருபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். அத்தோல்விக் காலத்தில் ஓர் ஆட்டத்துக்கு வந்தோர் சராசரி ஏறத்தாழப் பதினாலாயிரம் பேர். ஆறாயிரம் இருக்கைகள் வெறுமையாயின எனக் கொள்வோம். சொந்த அரங்கில் ஆடுவது 41 ஆட்டம். ஒரு பருவத்தில் வெறுமையாகக் கிடந்த இருக்கை 2,46,000. இத்துணை இழப்பு நேர்ந்தும் அணி நொடிந்துபோகவில்லை. ஏன்? கூட்டமைப்பின் நாடளாவிய ஒளிபரப்பு வருவாய் முப்பது அணிகளுக்கும் ஒத்த பங்காகக் கிடைத்தது. அன்றிருந்த உடன்படிக்கைப்படி அவ்வருவாய் ஆண்டுக்கு ஏறத்தாழ 93 கோடி டாலர். ஓர் அணியின் பங்கு 3 கோடி டாலர் எனலாம். 2014 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட புதிய உடன்படிக்கையோ ஒன்பது ஆண்டுக்கு 2,400 கோடி டாலர். ஓர் அணிக்கு ஆண்டுக்கு 9 கோடி டாலர் வரும். செலவும் குறைந்தது. இளைஞர்க்கு ஊதியம் குறைவு. ஊதிய வரம்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கேனும் செலவிட வேண்டும் என்று விதி இருந்ததனால், பிற அணிகள் கழிக்க விரும்பிய ஊதியச் சுமைகளைத் தாம் ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாக மேலும் தேர்வுரிமைகளைப் பெற்றனர். 2011 இல் 28 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட அவ்வணிக்கு, 2016 இன் தொடக்கத்தில் ஃபோர்ப்ஸ் இதழ் இட்ட மதிப்பு 70 கோடி டாலர். பத்து ஆட்டம் மட்டும் வென்ற பருவம் அப்போது நடந்துகொண்டிருந்தது!

ஆகவே தோல்வியின் விலையை உடைமையாளர் கொடுக்கவில்லை. கொடுத்தவர் யார்? ஆண்டு முழுமைக்கும் முன்பணம் கட்டிப் பருவச் சீட்டு வாங்கியவர். மாலையில் பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அரங்குக்கு வந்து, தோல்வியைக் கண்டு வீடு திரும்பியவர். அவருட் பலர் வரவை நிறுத்தினர். அவர்களைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. எஞ்சியோர் ‘செயல்முறையை நம்புக’ என்று பொருள்படும் ஒரு தொடரைத் தமக்கு முழக்கமாக்கிக் கொண்டனர். முதலிற் பாதி எள்ளலாகவும் பாதி நம்பிக்கையாகவும் எழுந்த அத்தொடர், நாளடைவில் அரங்கம் அதிரும் ஆரவாரமாயிற்று. ஏமாற்றத்தைத் தாங்களே நகையாடிக்கொண்டு தாங்கும் இவ்வியல்பு மக்களிடம் எங்கும் உள்ளது.

கன்றும் உடனே காய்க்கவில்லை. 2014 இல் மூன்றாம் இடத்தில் தேர்ந்தெடுத்த கேமரூன் நாட்டு இளைஞர் ஜோயல் எம்பீட், காலில் ஏற்பட்ட ஊறு காரணமாக இரண்டு பருவங்கள் களம் இறங்கவே இல்லை. 2016 ஏப்ரலில் ஹிங்கி பதவி விலகினார். அவ்வாண்டு அக்டோபரில் எம்பீட் முதன்முதலாக ஆடினார். 2017-18 பருவத்தில் அணி 52 ஆட்டங்களில் வென்றது. அரங்கு மீண்டும் நிரம்பியது. 2023 இல் எம்பீட் கூட்டமைப்பின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதையும் பெற்றார்.

இதனால் ஹிங்கியின் வழி சரி என்று சொல்வாரும் உளர். எனக்கு அது உடன்பாடன்று. முயன்று தோற்ற அணியைத் தாங்குவது அன்பு. தோற்க ஏற்பாடு செய்த அணியைத் தாங்குமாறு கேட்பது அவ்வன்பைக் கடன் வாங்குவது. கடன் வாங்கியவர் கணக்குக் காட்டவேண்டும். சீட்டின் விலையைக் குறைத்தல், திட்டத்தை ஒளியாது உரைத்தல், பொறுத்திருந்தவர்க்கே நற்காலத்தில் முன்னுரிமை தருதல் ஆகியன அக்கணக்கில் அடங்கும். கூட்டமைப்பும் விதியின் ஓட்டையைக் கண்டுகொண்டது. முன்பு கடைசி அணிக்கு முதலிடம் கிட்டும் வாய்ப்பு நூற்றுக்கு 25. 2019 முதல் கடைசி மூன்று அணிகளுக்கும் ஒத்த அளவில் நூற்றுக்கு 14 ஆக அது குறைக்கப்பட்டது. அடிமட்டத்தைத் தொடுவதற்கு இருந்த ஊதியம் அவ்வளவில் சுருங்கிற்று.

பிலடெல்பியா ஆர்வலர் காத்திருந்த கோப்பை 2025 வரை வரவில்லை. 2001 க்குப் பின்னர் அவ்வணி போட்டியின் இறுதிச் சுற்றுகளில் இரண்டாம் படியைத் தாண்டியதும் இல்லை. 2024-25 பருவத்தில் வெல்லவே முயன்றும், வீரர் பலர் ஊறுபட்டதனால் 24 ஆட்டங்களே வென்று 58 இல் தோற்றது. அடுத்து நடந்த தேர்வில் அவ்வணிக்குக் கிடைத்தது, எம்பீட்டை எடுத்த அதே மூன்றாம் இடம். அதில் ஓர் இளைஞரை எடுத்தனர்.