தங்க வேட்டை – 6: உடைய மறுத்த கல்

மெட்டல் டிடெக்டரின் காயிலிலிருந்து கிளம்பும் காந்தப்புலம், மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தில் மின்சுழலை உண்டாக்குகிறது; அதைத்தான் கருவி ஒலியாக்கிக் காதில் போடுகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். கருவியின் வேலை அத்தோடு முடிந்தது. தோண்டினால் வருவது துப்பாக்கிக் குண்டின் ஈயமா, பழைய பூட்ஸ் ஆணியா, குளிர்பான டப்பாவின் வளையமா என்று அது உறுதியாகச் சொல்லாது. இரும்புச் சத்து மிகுந்த வெறும் பாறைகூடச் சில சமயம் தங்கம்போல் குரல் கொடுத்து ஏமாற்றும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மேரிபரோ என்ற ஊரருகே 2015 மே மாதம் ஒருவருக்கு இப்படித்தான் ஒலி கேட்டது. 1850-களில் தங்கம் தேடி ஆயிரக்கணக்கானோர் படையெடுத்து வந்த வட்டாரம் அது. மஞ்சள் களிமண்ணை விலக்கிப் பார்த்தால், செம்பழுப்பு நிறத்தில் ஒரு கல். 17 கிலோ. உள்ளே தங்கம் இருக்கும் என்று நம்பி வீட்டுக்குத் தூக்கிப் போனார். கல் அறுக்கும் ரம்பம், கிரைண்டர், டிரில், அமிலம், கடைசியாகச் சம்மட்டி. எதற்கும் அது மசியவில்லை.

அவருடைய ஆசை ஒன்றும் அசட்டு ஆசை அல்ல. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தராசின் மேல் தண்ணீர் வாளியை வைத்து, கல்லைக் கயிற்றில் கட்டி, அடியில் தட்டாமல் நீருக்குள் முழுதாகத் தொங்கவிடுங்கள். தராசு எத்தனை கிராம் கூடுதலாகக் காட்டுகிறதோ, அத்தனை மில்லிலிட்டர்தான் கல்லின் பருமன். தங்கம் தண்ணீரைவிட 19.3 மடங்கு கனம், ஈயம் 11.3, தங்கம்போல் பளபளக்கும் பைரைட் 5, குவார்ட்ஸ் என்கிற வெண்கல் 2.65. பதினேழு கிலோவும் தங்கமானால் 900 கிராம்கூட ஏறாது. வெறும் வெண்கல் என்றால் 6.4 கிலோ ஏறும். மேரிபரோ கல் எந்த வகையோ, அந்த வகைக் கற்களுக்கு ஏறக்குறைய 5 கிலோ ஏறும். சிக்கல் என்னவென்றால், நாலு கிலோ தங்கம் பொதிந்த வெண்கல்லுக்கும் அதே 5 கிலோதான் ஏறும்! எடையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது.

அங்கேதான் காந்தம் வேண்டும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. பைரைட்டையும் சட்டென்று இழுக்காது. கனமான கல்லில் காந்தம் ஒட்டினால், கருவியைக் கூவவைத்தது இரும்பாக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும்.

இரும்பிலும் பல சாதி உண்டு. அதைப் பிரிக்க, நம் ஆசாரிகள் தங்கத்தை உரைகல்லில் தேய்ப்பதுபோல், மெருகிடாத ஓட்டின் முதுகில் கல்லைத் தேய்க்க வேண்டும். ஹேமடைட் செம்பழுப்பாய்க் கோடு விடும்; மேக்னடைட் கருப்பாய் விடும்; பைரைட் பச்சை கலந்த கருப்பாய் விடும். காந்தத்தில் ஒட்டியும் கோடே விழவில்லை என்றால் விஷயம் சுவாரசியமாகிறது. மேற்பரப்பில் குமிழ் ஓட்டைகள் இருந்தால், அது பெரும்பாலும் உலையில் உருகிய பழைய கசடு. ஓட்டை இல்லாமல், விரலால் அழுத்தியதுபோல் பள்ளங்கள் மட்டும் இருந்தால்?

2018-ல் மெல்பர்ன் அருங்காட்சியகத்துக்கு அந்தக் கல் வந்தபோது, நிலவியலாளர் டெர்மட் ஹென்றி கண்ணில் பட்டது அந்தப் பள்ளங்கள்தான். காற்று மண்டலத்தைக் கிழித்து வரும்போது மேற்பரப்பு உருகி வழிந்த தழும்புகள் அவை. 37 ஆண்டுகளில் விண்கல் என்று சொல்லி ஆயிரக்கணக்கான கற்களை மக்கள் அவரிடம் நீட்டியிருக்கிறார்கள். உண்மையான விண்கற்கள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று இது.

வைர ரம்பத்தால் ஒரு சிறு துண்டு அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே உருண்டை உருண்டையான கனிமத் துளிகள். 'எச்5' வகை காண்ட்ரைட் என்று தெரிந்தது. 'எச்' என்றால் இரும்பு அதிகம். எடையில் ஏறத்தாழ கால் பங்கு. கருவி கூவியது அதனால்தான். '5' என்பது, தாய்க்கோளுக்குள் வெந்து இறுகிய அளவு. கல்லுக்குள் பரவிக் கிடந்த இரும்பும் இந்த இறுக்கமும் சேர்ந்துதான் சம்மட்டியைத் தோற்கடித்தன. வயது சுமார் 460 கோடி ஆண்டு. விண்வெளியில் கதிர்கள் பட்டு உருவாகும் கார்பன்-14, பூமியில் விழுந்த பிறகு சிதைந்து குறைந்துகொண்டே வரும். மிச்சத்தை அளந்ததில், அது விழுந்து 100 முதல் 1,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று தெரிந்தது. 2019-ல் ஆய்வு வெளியானபோது, விக்டோரியாவில் பதிவான விண்கற்கள் மொத்தமே 17. அதே மாநிலத்தில் கிடைத்த தங்கத்தோடு ஒப்பிட்டால், எது அரிது என்று சொல்லவே வேண்டாம்.

அடையாளம் தெரியாத கல்லிடம் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு வரிசை உண்டு: வாளி, காந்தம், ஓடு, பூதக்கண்ணாடி. இவற்றால் கல் உடையாது. ரம்பத்துக்கு முறை கடைசியில்தான்; அதுவும் நிலவியல் அருங்காட்சியகத்தாரின் கையில். அமிலமும் சம்மட்டியும் அந்த வரிசையிலேயே கிடையாது. மேரிபரோ கல் அத்தனையும் தாங்கியது அதன் கெட்டித்தனத்தால். உதிரும் தன்மையுள்ள விண்கல்லாக இருந்திருந்தால், முதல் அடியிலேயே நொறுங்கிக் குப்பைக்குப் போயிருக்கும்.

அடுத்த வாரம்: 1980-ல் அதே விக்டோரியாவில் கருவி கூவியது, இம்முறை நிஜமாகவே தங்கம், 27 கிலோ!

(வேட்டை தொடரும்)