மலாக்கா நீரிணையும் வழியின் பாதுகாப்பும்

திருக்குர்ஆனின் குறைஷ் அத்தியாயம் மக்கா வணிகர்களின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் குறிப்பிடுகிறது. பசிக்கு உணவளித்ததையும் அச்சத்திலிருந்து காத்ததையும் அருகருகே வைத்து, இறைவனின் அருட்கொடைகளாக அது நினைவூட்டுகிறது. உணவும் பாதுகாப்பும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை இதிலிருந்து நாம் உணர்கிறோம். நம் சட்டவியல் அறிஞர்கள் வழிப்பறியைச் சாதாரணத் திருட்டிலிருந்து பிரித்து, 'ஹிராபா' என்னும் தனிக் குற்றமாக வகுத்தனர். திருடன் ஒருவருடைய பொருளைக் கவர்கிறான். வழிப்பறிக்காரனோ எல்லோருக்கும் பொதுவான பாதையின் அமைதியையே குலைக்கிறான். இக்கண்ணோட்டத்துடன் மலாக்கா நீரிணையின் அண்மைக்கால வரலாற்றை நோக்குவோம்.

சுமத்திராவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் இடையே சுமார் 800 கி.மீ. நீளும் இந்நீரிணை, இந்தியப் பெருங்கடலைத் தென்சீனக் கடலுடன் இணைக்கிறது. வளைகுடா எண்ணெய் சீனாவையும் ஜப்பானையும் கொரியாவையும் சென்றடையும் மிகக் குறுகிய கடல்வழி இதுவே. சிங்கப்பூருக்கு அருகிலுள்ள பிலிப் கால்வாயில் இவ்வழியின் அகலம் 3 கி.மீ.க்கும் குறைவு.

நம் முன்னோர் நன்கறிந்த கடல் இது. மலாக்கா சுல்தான்களின் துறைமுகத்தில் நான்கு ஷாபந்தர்கள் பணியாற்றினர். அவர்களுள் ஒருவர் சோழமண்டலம், வங்காளம், பெகு, பசாய் ஆகிய பகுதிகளின் வணிகர்களுக்குப் பொறுப்பாயிருந்தார். கப்பலில் நாகுதாவின் அதிகாரத்தையும் மாலுமிகளின் கடமைகளையும் வரையறுத்த கடற்சட்டத் தொகுப்பு ஒன்றும் அங்கு வழங்கிற்று. 1511ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் மலாக்காவைக் கைப்பற்றியபோது இந்த ஒழுங்கு சிதைந்தது.

இனி நம் காலத்துக்கு வருவோம். கடற்கொள்ளையைக் கண்காணிக்கக் கோலாலம்பூரில் 1992 முதல் இயங்கும் சர்வதேச மையம், 2004இல் இந்நீரிணையில் 38 தாக்குதல்களைப் பதிவு செய்தது. 1997ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி கரையோர மக்களை வறுமையில் தள்ளியிருந்தது. ஆச்சே மாநிலத்தில் உள்நாட்டுப் போர் நீடித்தது. இவற்றுடன் சட்டச் சிக்கலும் சேர்ந்தது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கை, எந்த நாட்டின் அதிகார எல்லைக்கும் அப்பாற்பட்ட கடலில் நிகழ்வதையே கடற்கொள்ளை என்கிறது. மலாக்கா நீரிணையின் குறுகிய பகுதிகளோ கரையோர நாடுகளின் ஆட்சிக்கடலுக்குள் அடங்குபவை. அங்கு நிகழ்வது ஆயுதக் கொள்ளை. அதைத் தண்டிக்கும் பொறுப்பு அந்தந்த நாட்டுக்குரியது. கொள்ளையர் படகு எல்லைக்கோட்டைக் கடந்துவிட்டால், துரத்தி வரும் காவற்படகு நின்றுவிட வேண்டியதுதான்.

2004இல் அமெரிக்கா கூட்டுப் பாதுகாப்புத் திட்டமொன்றை முன்வைத்தது. அந்நியப் படைகள் தம் கடலில் நிலைகொள்ளுமோ என்று ஐயுற்ற இந்தோனேசியாவும் மலேசியாவும் அதனை ஏற்கவில்லை. ஆனால் மறுப்போடு அவை நின்றுவிடவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இவ்விரு நாடுகளும் சிங்கப்பூரும் ஒருங்கிணைந்த கடல் ரோந்தைத் தொடங்கின. ஒவ்வொரு கடற்படையும் தன் எல்லைக்குள்ளேயே இயங்கும். செய்தி மட்டும் எல்லை கடக்கும். இறையாண்மையை விட்டுக்கொடாமலே ஒத்துழைக்க இவ்வேற்பாடு வழி செய்தது. 2005 செப்டம்பரில் வான்வழிக் கண்காணிப்பும் தொடங்கிற்று. தாய்லாந்து 2008இல் ரோந்தில் இணைந்தது.

2005 ஜூனில் லண்டன் காப்புறுதிச் சந்தையின் போர்க்குழு இந்நீரிணையை அபாயப் பட்டியலில் சேர்த்தது. காப்புறுதிக் கட்டணம் உயருமென்ற அச்சமும் அரசுகளை விரைவுபடுத்தியது. 2006 ஆகஸ்டில் அப்பெயர் நீக்கப்பட்டது.

எனினும் ரோந்து மட்டுமே இதைச் சாதித்ததாகக் கொள்வது பொருந்தாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை ஆச்சேயைச் சூறையாடிய பின், இந்தோனேசிய அரசும் ஆச்சே விடுதலை இயக்கமும் 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹெல்சிங்கியில் உடன்பாடு கண்டன. நிலத்தில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. 2008இல் நீரிணையில் பதிவான தாக்குதல்கள் இரண்டே.

பிரச்சினை முற்றிலும் அகன்றுவிடவில்லை. மலாக்கா, சிங்கப்பூர் நீரிணைகளில் 2023லும் 2024லும் ஆண்டுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் பதிவாயின. பெரும்பாலானவை இரவில் கப்பலேறி இயந்திர உதிரிப்பாகங்களைக் களவாடும் சிறு திருட்டுகளே. ஆயினும் அவற்றின் வேர் கரையோரத்து வறுமையில் இருப்பதை நாம் மறுக்க இயலாது.

2023 நவம்பருக்குப் பின் பாபுல் மந்தப் வழியில் நிகழ்ந்தவற்றை இதனுடன் ஒப்பிடலாம். காஸா போரையொட்டி ஏமனின் ஹூதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும், வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் குவிந்தன. அப்படியிருந்தும் எண்ணற்ற வணிகக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றியே சென்றன. கரையில் போர் எரியும்போது கடலில் காவல் வைத்துப் பயன் குறைவு.

கடல்வழியின் அச்சம் தீர, அதன் கரையில் வாழ்வோரிடையே நம்பிக்கையும், அவர்களின் பசிக்கு விடையும் வேண்டும். குறைஷ் அத்தியாயம் உணவையும் அச்சமின்மையையும் ஒருசேர நினைவூட்டுவதன் பொருளை மலாக்கா அனுபவம் நமக்கு மீண்டும் விளக்குகிறது.