இடித்த வீட்டில் எத்தனை செல்வம்!

தஞ்சாவூர்ச் சீமையில் நெல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கருங்கல்லுக்குப் பஞ்சம் உண்டு. காவிரிப் படுகையில் மண்ணைத் தோண்டினால் வண்டல் வரும், களி வரும், கல் வராது.

முதலாம் ராஜராஜ சோழன் 1010-ஆம் ஆண்டில் கட்டி முடித்த பெரிய கோவிலின் கருங்கல் அத்தனையும் வெளியூரிலிருந்து வந்தவை. இன்றும் தஞ்சையில் ஒருவர் வீடு கட்டினால் ஜல்லி வெளியிலிருந்து லாரியில்தான் வந்து இறங்க வேண்டும்.

கல் இல்லாத ஊரில் பழைய கல்லுக்கு மதிப்பு அதிகம். பழைய செங்கல்லுக்கும் அப்படித்தான்.

கோவில் மதில் அணையானது

1836-ஆம் ஆண்டு. ஆங்கிலேய என்ஜினீயர் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டினார். அணைக்குக் கல் வேண்டும். எங்கே போவது?

பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருந்தது. ராஜேந்திர சோழன் கட்டிய கோவிலைச் சுற்றிப் பெரிய கல் மதில் நின்றது. அதை இடித்துக் கல்லைக் கொண்டு போனார்கள். ஊரார் தடுத்துப் பார்த்தார்கள். "கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருகிறோம்" என்று அவர்களைச் சமாதானம் செய்தார்கள். அந்த வாக்கு நிறைவேறவே இல்லை.

அணை வயலுக்குத் தண்ணீர் தந்தது. கோவில் கல்லில் கை வைத்தது சரியா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான்.

சுண்ணாம்பு விட்டது, சிமெண்ட் விடவில்லை

தஞ்சை, கும்பகோணம் பக்கத்துப் பழைய வீடுகளைச் சுண்ணாம்புக் காரையில் கட்டினார்கள். சுண்ணாம்பு செங்கல்லைவிட மெத்தென்று இருக்கும். சுத்தியலால் லேசாகத் தட்டினால் காரை உதிரும். செங்கல் முழுசாகக் கையில் வரும்.

ஆகவே அந்தக் காலத்தில் வீட்டை "இடிக்கவில்லை"; "பிரித்தார்கள்". முதலில் கதவும் ஜன்னலும் இறங்கும். பிறகு ஓடு. பிறகு உத்தரமும் தூணும். கடைசியில் சுவர். ஒவ்வொன்றுக்கும் வாங்குகிறவர் உண்டு. முழுச் செங்கல் இன்னொரு சுவருக்குப் போகும். உடைந்த செங்கல் தளம் போட ஜல்லியாகும். தேக்குத் தூணும் சித்திர வேலைக் கதவும் காரைக்குடிப் பழஞ்சாமான் கடைகளில் இன்றும் நல்ல விலைக்குப் போகின்றன.

சிமெண்ட் வந்தது, நிலைமை மாறியது. சிமெண்ட் கலவை செங்கல்லைவிடக் கெட்டியாகிவிடும். தட்டினால் கலவை விடாது, செங்கல்தான் உடையும். போதாக்குறைக்கு இப்போது இடிக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பத்து நாள் வேலையை அரை நாளில் முடித்துவிடுகிறது. கம்பி, மரம், செங்கல், மண், பிளாஸ்டிக் குழாய் எல்லாம் ஒரே குவியல்! அதற்கு மேஸ்திரிகள் வைத்திருக்கும் பெயர் "ரப்பிஷ்".

வாய்க்காலுக்குள் வீடு

அந்த ரப்பிஷ் எங்கே போகிறது?

பள்ளம் மேடாக்க வேண்டியவர் கிடைத்தால் அவர் மனைக்குப் போகும். கிடைக்காவிட்டால் இருட்டிய பிறகு டிராக்டர் கிளம்பும். சாலை ஓரம், குளத்துக் கரை, வாய்க்கால் என்று எங்காவது கொட்டிவிட்டுத் திரும்பும்.

வேறு ஊரில் இது அசிங்கம். தஞ்சைச் சீமையில் இது ஆபத்து. இங்கே ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கன்னி வாய்க்கால், அதிலிருந்து வயல் என்று தண்ணீர் நடக்கிறது. நடுவில் இரண்டு லோடு கல்லும் மண்ணும் விழுந்தால் மேட்டூரில் அணை திறந்தும் கடைமடை வயல் காயும்.

ஐப்பசி மழையில் கதை தலைகீழ். வடிகால் அடைத்திருக்கும். மழைத் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வயலிலேயே நிற்கும். நட்ட பயிர் அழுகும். வீடு இடித்தவர் ஒருவர். பயிர் இழந்தவர் வேறொருவர்.

எப்படிப் பிரிப்பது?

இடிப்பதற்கு முன்பே மனையில் மூலைக்கு ஒன்றாக இடம் ஒதுக்கிவிட்டால் வேலை சுலபம். இரும்பு ஒரு பக்கம். மரம் ஒரு பக்கம். செங்கல்லும் காரையும் ஒரு பக்கம். கான்கிரீட் ஒரு பக்கம். மண் தனி. சிமெண்ட் சாக்கு, வயர், குழாய், பெயிண்ட் டப்பா தனி.

மண்ணைத் தனியாக வைப்பது ஏன்? கான்கிரீட் துண்டில் களிமண் ஒட்டினால் மறுபடி சிமெண்ட் அதில் பிடிக்காது. உள்கூரைக்குப் போடும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இன்னும் மோசம். அது கலந்த ஜல்லியில் கான்கிரீட் போட்டால் நாளடைவில் உப்பி வெடிக்கும். ஒரு கூடை கலப்பு ஒரு லோடைக் கெடுக்கும்.

கூரைக்குப் போட்ட பழைய ஆஸ்பெஸ்டாஸ் அட்டையை மட்டும் உடைக்கவே கூடாது. அதன் தூசி நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்துக்கூடப் புற்றுநோய் தரும். நனைத்து, முழுசாகக் கழற்றி, தனியே வைக்க வேண்டும்.

சட்டமும் இருக்கிறது. மத்திய அரசாங்கம் 2016-இல் இதற்கென்றே விதிகள் கொண்டு வந்தது. ஒரே நாளில் 20 டன், அல்லது ஒரே மாதத்தில் 300 டன் இடிபாடு உண்டாக்குகிறவர் அதை வகை பிரித்தே கொடுக்க வேண்டும் என்றது. சிறு வீட்டுக்காரரானாலும் தெருவிலும் சாக்கடையிலும் கொட்டக் கூடாது என்றது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று நாள் குறித்து, 2025-இல் புதிய விதிகளும் வெளியாயின.

சுத்தியல் பிடிக்கும் கை

விதியைக் காகிதத்தில் எழுதலாம். குனிந்து பிரிப்பவர் யார்? பெரும்பாலும் சித்தாள் பெண்கள்தான்.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபோது பெர்லின் நகரம் கற்குவியலாகக் கிடந்தது. அங்கேயும் பெண்கள்தான் வரிசையாக நின்று, செங்கல்லைக் கைமாற்றி, ஒட்டிய காரையைச் சுத்தியலால் தட்டி அடுக்கினார்கள். அந்தச் செங்கல்லில் மீண்டும் வீடுகள் எழுந்தன. உதவாத இடிபாட்டைக் குவித்தே அங்கு ஒரு குன்று உண்டாக்கிவிட்டார்கள்!

நம் சித்தாளுக்குக் காலில் ரப்பர் செருப்பு, மூக்கில் முந்தானை. ஆணி குத்தினால் ரணஜன்னி ஊசி போட வேண்டும். கான்கிரீட் தூசி நாள்தோறும் உள்ளே போனால் நுரையீரல் கெடும். தண்ணீர் தெளித்துவிட்டு வேலை செய்தாலே தூசி பாதி அடங்கும். கனமான செருப்பும் கையுறையும் வாங்கித் தர ஒரு கதவு விற்ற பணத்தில் சிறு பகுதி போதும். 1994 முதல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. அதில் பெயர் பதிந்திருந்தால் விபத்துக்கு உதவி உண்டு. 

வீட்டுக்காரரும் ஒன்று கவனிக்க வேண்டும். இடிக்க வரும் குத்தகைக்காரர், "பழைய சாமான் எனக்கு, இடிகூலியில் குறைத்துக் கொள்கிறேன்" என்பார். நியாயமான பேச்சுதான். ஆனால் இரும்பு எவ்வளவு, தேக்கு எவ்வளவு என்று பார்க்காமல் தலையாட்டினால் நஷ்டம் வீட்டுக்காரருக்கு. ரப்பிஷை எங்கே கொட்டுவார் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

கொள்ளிடத்து மணல்

பிரித்த கான்கிரீட்டை அரைத்தால் மணலும் ஜல்லியும் கிடைக்கும். டில்லி புராரியில் 2009-இலேயே இதற்கு ஆலை வைத்தார்கள். நொய்டாவில் 2022 ஆகஸ்டு 28-ஆம் தேதி இரட்டைக் கோபுரக் கட்டடங்களை வெடி வைத்துத் தகர்த்தார்களே, அதில் விழுந்தது சுமார் 80,000 டன்! சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இப்படி அரைக்கும் ஆலைகள் உண்டு.

இது டெல்டாவுக்கு ஏன் முக்கியம்? அரைத்த மணல் ஒரு லோடு கிடைத்தால் ஆற்று மணல் ஒரு லோடு மிச்சம். 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் வெள்ளத்தில் உடைந்து விழுந்தன. ஆற்றில் மணல் அள்ளியதே காரணம் என்று விவசாயிகள் குமுறினார்கள். அந்த அணையும் 1836-இல் கட்டியதுதான்.

வீடு இடித்த ஜல்லியில் கட்டலாமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2016-இலேயே இதற்கு அளவு சொல்லியிருக்கிறது. கம்பி போட்ட சாதாரண கான்கிரீட்டில் ஜல்லியில் 20 சதவீதம் வரை கலக்கலாம். கம்பி இல்லாததில் 25 சதவீதம். அஸ்திவாரத்துக்கும் தரைக்கும் அடியில் போடும் பலம் குறைந்த கலவையில் முழுவதுமே பழைய ஜல்லியாக இருக்கலாம்.